முதல் அழைப்பு யாருக்கு? – ஆபத்து நேரத்தில் கைப்பேசி

(அரக்கோணத்தில் மகளிர் சுய உதவிக் குழுவினரும் மூத்த குடிமக்களும் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதல்ல ஒரு கேள்வி கேக்கறேன், தயங்காம பதில் சொல்லுங்க. ராத்திரி ரெண்டு மணி. வீட்டுல பெரியவருக்கு நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுது. உங்க கையில போன் இருக்கு. முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க?

பாதிப் பேர் "பையனை"ன்னு சொல்றீங்க. சில பேர் "மருமகனை"ன்னு சொல்றீங்க. "108"னு சொன்னது நாலஞ்சு பேர்தான். இதுல தப்பு ஒண்ணும் இல்லை, அது மனுஷ இயல்பு. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பையன் ஸ்ரீபெரும்புதூர்ல நைட் ஷிப்டுல இருக்கான், இல்லைன்னா சென்னையில தங்கியிருக்கான். நம்ம ஊர்ல பாதி வீடு ரயிலேறி வேலைக்குப் போற வீடுதானே? அவன் போனை எடுக்கணும், பதறணும், பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் பண்ணணும், அவர் எழுந்து ஆட்டோ தேடணும். இதுலேயே அரை மணி நேரம் ஓடிடும். அந்த அரை மணி நேரத்துல ஆம்புலன்ஸ் வந்து ஏத்திக்கிட்டே போயிருக்கலாம்.

அதனால இன்னிக்கு நான் பேசறதுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருந்தாலும் போதும். முதல் அழைப்பு உதவிக்கு, ரெண்டாவது அழைப்பு உறவுக்கு.

எந்த எண்ணைக் கூப்பிடுவது?

நிறைய எண்கள் இருக்கு, குழப்பமா இருக்குன்னு சொல்வாங்க. உண்மைதான். அவசரத்துக்கு ரெண்டு எண் மனப்பாடமா இருந்தா போதும்.

ஒண்ணு 108. உடம்புக்கு ஆபத்து, பிரசவ வலி, விபத்து, பாம்புக்கடி, தீக்காயம், விஷம் குடிச்சது எல்லாத்துக்கும் இது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் இந்தச் சேவை தொடங்கியது. ஆம்புலன்ஸுக்குப் பணம் கிடையாது, அழைப்புக்கும் கட்டணம் கிடையாது. "ராத்திரியில வருவாங்களா"ன்னு இன்னும் கேக்கறவங்க இருக்காங்க. 24 மணி நேரமும் உண்டு.

ரெண்டாவது 112. போலீஸ், தீயணைப்பு, மருத்துவ உதவி மூணுக்கும் நாடு முழுக்க ஒரே எண். வேற எந்த எண்ணும் ஞாபகம் வரலைன்னா இதை அடிங்க. பழைய 100-ம் 101-ம் இன்னும் இருக்கு. அது பழக்கமானவங்க அதையே அடிக்கலாம்.

மத்த எண்களைக் காகிதத்துல எழுதி வைங்க. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. ரயிலில் உதவிக்கு 139. வெள்ளம், புயல் நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. கேஸ் கசிவுக்கு 1906. பேங்க் பணம் மோசடியில போனா 1930. மின்கம்பி அறுந்து கிடந்தா மின்னகம் 94987 94987.

இப்படி அவசரத்துக்குன்னு ஒரு தனி எண் எப்படி வந்தது தெரியுமா? 1935 நவம்பர்ல லண்டன்ல விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடிச்சது. பக்கத்து வீட்டுக்காரர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார். மத்த அழைப்புகளோட வரிசையில அவரையும் காக்க வைச்சுட்டாங்க. அந்தத் தீயில ஐந்து பெண்கள் இறந்துபோனாங்க. அவர் அதைப் பத்திரிகைக்கு எழுதினார், பெரிய விவாதம் ஆச்சு. 1937 ஜூன் 30-ஆம் தேதி 999 என்ற எண் அங்கே நடைமுறைக்கு வந்தது. அவசர அழைப்பு வரிசையில நிக்கக் கூடாதுங்கறதுதான் அந்த எண்ணோட அர்த்தம். நாம பையனைக் கூப்பிட்டு, அவன் இன்னொருத்தரைக் கூப்பிடறதும் நாமே போட்டுக்கிற ஒரு வரிசைதான்.

எங்கே இருக்கீங்க?

போன் பண்ணியாச்சு. எதிர்முனையில எடுத்துட்டாங்க. இங்கேதான் பெரும்பாலும் நேரம் வீணாகுது. "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க"ன்னு அழுவாங்க, எங்கேன்னு சொல்ல மாட்டாங்க. எங்கேன்னு கேட்டா, "கோயில் பக்கத்துல"ம்பாங்க. கோயில் இல்லாத தெரு எது நம்ம பக்கம்?

ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். நீங்க 108 அடிச்சா போன் எடுக்கறவங்க அரக்கோணத்துல இல்லை. மாநிலம் முழுக்க வர்ற அழைப்பு சென்னைக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகுது. அங்கே இருக்கறவங்களுக்கு நம்ம ஊர் பழனிப்பேட்டையும் தெரியாது, சுவால்பேட்டையும் தெரியாது. அதனால மாவட்டம், வட்டம், ஊர், தெரு, அடையாளம்னு பெரிசுல இருந்து சின்னதுக்கு வரிசையாச் சொல்லணும்.

மாவட்டம் ஏன் முக்கியம்? 2019 வரைக்கும் நாம வேலூர் மாவட்டம். இப்போ ராணிப்பேட்டை மாவட்டம். பக்கத்துல திருத்தணி போனா திருவள்ளூர் மாவட்டம். இன்னொரு பக்கம் காஞ்சிபுரம் மாவட்டம். பழைய ஞாபகத்துல "வேலூர் மாவட்டம்"னு இன்னும் சொல்றவங்க இருக்காங்க. அதோட நம்ம பக்கம் ஊர்ப் பெயரைப் பாருங்க. எத்தனை கண்டிகை, எத்தனை புதூர், எத்தனை பேட்டை! "கண்டிகை"ன்னு மட்டும் சொன்னா வண்டி எந்தக் கண்டிகைக்குப் போகும்? முழுப் பெயரையும் சொல்லணும், எந்த ஊராட்சி, பக்கத்துல எந்தப் பெரிய ஊர்னும் சொல்லணும்.

இன்னொண்ணு, எல்லைப் பக்கம் இருக்கறவங்களுக்கு மட்டும். திருத்தணி தாண்டி பொன்பாடி பக்கம் போனா, உங்க போன் ஆந்திர டவரைப் பிடிச்சுக்கும். அப்போ 108 அடிச்சா அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகலாம். அங்கேயும் எண் 108தான். தெலுங்குல பேசினதும் பயந்து வைச்சுடாதீங்க. "தமிழ்நாடு, திருவள்ளூர் மாவட்டம், திருத்தணி வட்டம்"னு முதல் வார்த்தையிலேயே சொல்லுங்க. நம்ம பக்கம் ரெண்டு பாஷையும் பேசறவங்க நிறைய. தேவைப்பட்டா பக்கத்துல இருக்கறவர்கிட்ட போனைக் கொடுங்க.

ரோட்டுல விபத்துன்னா, எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குப் போற ரோடுன்னு சொல்லுங்க. மைல்கல்லுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கடை போர்டுல ஊர்ப் பெயர் இருக்கும், அதைப் படிங்க.

ரயில் பாதைன்னா நான் சொல்றதைக் கேளுங்க, இது எங்க ஆளுங்க சமாச்சாரம். பாதை ஓரத்துல நிக்கிற மின்கம்பம் ஒவ்வொண்ணுலேயும் ஒரு எண் எழுதியிருக்கும். மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருக்கறது கிலோமீட்டர், கீழே இருக்கறது அந்தக் கிலோமீட்டர்ல எத்தனையாவது கம்பம். 139-க்கோ ஸ்டேஷன் மாஸ்டருக்கோ அந்த ரெண்டு எண்ணையும் சொன்னீங்கன்னா, நீங்க நிக்கிற இடத்தை ரயில்வேக்காரங்க மீட்டர் கணக்குல கண்டுபிடிச்சுடுவாங்க. வயல் நடுவுல, இருட்டுல, ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வேற என்ன அடையாளம் சொல்ல முடியும்?

இது வெறும் பேச்சுக்குச் சொல்லலை. 2011 செப்டம்பர் 13 ராத்திரி நம்ம சித்தேரி பக்கத்துல என்ன ஆச்சுன்னு இங்கே இருக்கற பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். நின்னுக்கிட்டிருந்த காட்பாடி பாசஞ்சர் மேல பின்னாடி வந்த மின்சார ரயில் மோதுச்சு. பத்துப் பேர் போயிட்டாங்க, நிறையப் பேருக்குக் காயம். இருட்டு நேரம். சுத்துப்பட்டு ஊர் ஜனங்கதான் முதல்ல ஓடினாங்க. எந்தப் பெரிய விபத்திலும் முதல்ல போய்ச் சேர்றது பக்கத்து ஊர்க்காரங்கதான். அவங்க கையில இருக்கற போன்தான் முதல் தகவல்.

நம்ம ஊருக்கு ஒரு பெருமை உண்டு. தேசியப் பேரிடர் மீட்புப் படையோட 4-வது பட்டாலியன் இங்கேதான் இருக்கு. எங்கே வெள்ளம், எங்கே கட்டிடம் இடிஞ்சாலும் இங்கே இருந்து போறாங்க. அதனால "நமக்கென்ன கவலை, படையே பக்கத்துல இருக்கு"ன்னு சில பேர் நினைக்கிறாங்க. அந்தப் படை நிர்வாகம் கேட்டுக்கிட்டாத்தான் வரும். நாம நேரா போன் பண்ணிக் கூப்பிட முடியாது. 112-க்கோ 1077-க்கோ சொல்லணும், அவங்க முடிவெடுத்து அனுப்புவாங்க. அதுவரைக்கும் உள்ள நேரம் நம்ம கையிலதான்.

எப்படிப் பேசணும்?

ஒரு அழைப்பு எப்படி இருக்கணும்னு மாதிரிக்குச் சொல்றேன்.

"வணக்கம் மேடம். ராணிப்பேட்டை மாவட்டம், அரக்கோணம் வட்டம், இச்சிபுத்தூர். ரேஷன் கடைக்கு எதிர்த் தெரு, பச்சை கேட் போட்ட வீடு. எங்க அப்பாவுக்கு அறுபத்தஞ்சு வயசு. பத்து நிமிஷமா நெஞ்சு வலி, வேர்க்குது. பேச்சு இருக்கு, மூச்சு விடறார். சர்க்கரை உண்டு."

இவ்வளவுதான். இதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. எங்கே, என்ன, எத்தனை பேர், நினைவு இருக்கா, மூச்சு இருக்கா. இந்த அஞ்சையும் சொல்லிட்டு, அவங்க கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லுங்க. "கேள்வி கேட்டே நேரத்தைக் கடத்தறாங்க"ன்னு கோபப்படாதீங்க. எந்த மாதிரி வண்டி அனுப்பணும், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்னு முடிவு பண்ணத்தான் கேக்கறாங்க. அவங்க வைக்கச் சொல்ற வரைக்கும் நீங்க வைக்காதீங்க.

பக்கவாதம்னு சந்தேகம் வந்தா, அதாவது வாய் ஒரு பக்கம் கோணுது, ஒரு கை தூக்க முடியலை, பேச்சு குழறுது, அப்படின்னா எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட வேண்டியது. "தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு படுக்க வைச்சா அந்த வாய்ப்பு போயிடும்.

பாம்புக்கடின்னா, கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால உறிஞ்சாதீங்க. மோதிரம், மெட்டி, கொலுசு இருந்தா கழட்டிடுங்க. கடிபட்ட கை காலை ஆட்டாம வைங்க. பாம்பைத் தேடிப் போய் அடிக்கறதுல நேரத்தை விடாதீங்க. 108-க்குச் சொல்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

போனை வைச்ச பிறகு

இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத இடம். நீங்க பேசி முடிச்சதும் வண்டி கிளம்பிடும். வண்டி ஓட்டறவர், 108-ல அவரைப் பைலட்னு சொல்வாங்க, அவரோ கூட வர்ற மருத்துவ உதவியாளரோ வழி கேக்க உங்களைக் கூப்பிடுவாங்க. ஆனா நீங்க என்ன பண்ணுவீங்க? 108-ஐ வைச்ச அடுத்த நிமிஷமே அக்காவுக்கு, சித்தப்பாவுக்கு, மச்சானுக்குன்னு போன் போட ஆரம்பிச்சுடுவீங்க. அவர் கூப்பிட்டா "பிசி"ன்னு வரும். வண்டி ஊர் முனையில வந்து நிக்கும், எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியாம.

அதனால எந்த எண்ல இருந்து 108-ஐக் கூப்பிட்டீங்களோ, அந்தப் போன் சும்மாவே இருக்கணும். உறவுக்காரங்களுக்கு வேற போன்ல சொல்லுங்க. தெரியாத எண்ல இருந்து வர்ற அழைப்பையும் எடுங்க. ஒருத்தரை டார்ச் அடிச்சுக்கிட்டு மெயின் ரோட்டு முனையில நிறுத்துங்க. வாசல் லைட்டைப் போடுங்க. நாயைக் கட்டுங்க. பெரியவரோட மாத்திரைச் சீட்டையும் ஆதார் அட்டையையும் எடுத்து வைங்க.

போனை இன்னிக்கே தயார் பண்ணுங்க

போனுக்கு லாக் போட்டிருப்பீங்க. பேரன் போட்ட பேட்டர்ன் பாட்டிக்குத் தெரியாது. பரவாயில்லை. லாக் திரையிலேயே "அவசர அழைப்பு"ன்னு ஒண்ணு இருக்கும். அதைத் தொட்டா, லாக் எடுக்காமலே 112 அடிக்கலாம். "அவசர அழைப்புகள் மட்டும்"னு காட்டினா பயப்படாதீங்க. உங்க கம்பெனி சிக்னல் இல்லை, வேற கம்பெனி டவர் மூலமா அவசர அழைப்பு போகலாம்னு அர்த்தம். முயற்சி பண்ணுங்க.

பட்டன் போன் வைச்சிருக்கிற பெரியவங்களுக்கு ஒரு வசதி. 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, பட்டன் போன்ல 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிச்சா அவசர அழைப்பு போகணும். ஸ்மார்ட் போன்ல பவர் பட்டனை மூணு தடவை வேகமா அழுத்தணும். சில போன்ல அஞ்சு தடவை. உங்க போன்ல எப்படின்னு வீட்டுப் பிள்ளைகளை விட்டு செட்டிங்ஸ்ல பார்க்கச் சொல்லுங்க. சோதிச்சுப் பார்க்கிறேன்னு நிஜமா அழைச்சுடாதீங்க.

தமிழ்நாடு காவல்துறையோட "காவல் உதவி" செயலி 2022-ல வந்தது. அதுல அவசர பட்டனை அழுத்தினா நீங்க இருக்கற இடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிடும். பேச முடியாத நிலைமையில இருக்கற பெண்ணுக்கு இது பெரிய துணை. ஆனா அதுக்கு இணையமும் ஜி.பி.எஸ்.ஸும் வேணும். அது இல்லைன்னா 112தான்.

இன்னொரு விஷயத்தையும் மனசு விட்டுப் பேசணும். சில வீட்டுல ஒரே போன். அது வீட்டு ஆம்பளை சட்டைப் பையில இருக்கும். அவர் வெளியே போயிட்டா வீட்டுல அம்மாவும் மருமகளும் குழந்தையும் போன் இல்லாம இருப்பாங்க. பிரசவத்துக்கு நாள் நெருங்கின பொண்ணு இருக்கற வீட்டுல இப்படி நடக்கக் கூடாது. பழைய பட்டன் போன் ஒண்ணு வாங்கி, சார்ஜ் போட்டு, வீட்டுலேயே நிரந்தரமா வைங்க. அவசரத்துக்கு அதை யார் வேணும்னாலும் எடுக்கலாம்னு வீட்டுல சொல்லி வைங்க.

போன் உதவாத நேரம்

கேஸ் வாடை வந்தா வீட்டுக்குள்ள நின்னு போன் பண்ணாதீங்க. சுவிட்ச் எதையும் தொடாதீங்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரும் வெளியே வந்து, தள்ளி நின்னு 1906-ஐயோ 101-ஐயோ கூப்பிடுங்க.

கூட்டத்துலேயும் போன் கைவிடும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில காவடிக் கூட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்துல பேசினா லைன் கிடைக்காது. குழந்தை சட்டைப் பையில அப்பா அம்மா போன் எண்ணை எழுதிப் போடுங்க. கூட்டத்துல பிரிஞ்சா எங்கே சந்திக்கணும்னு மலை ஏறும் முன்னாடியே பேசி வைங்க. அழைப்பு போகலைன்னா குறுஞ்செய்தி அனுப்பிப் பாருங்க. பேச்சு போகாத நேரத்துலேயும் அது போகும்.

2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னை விமான நிலையத்தையே மூடிட்டாங்க. நம்ம ஊர் ராஜாளி கடற்படைத் தளத்துல இருந்துதான் பயணிகள் விமானம் போச்சு. அந்த நாள்ல சென்னையில பல இடத்துல கரண்ட் இல்லை, டவர் வேலை செய்யலை, கையில விலை உயர்ந்த போன் இருந்தும் பேச முடியலை. மழை எச்சரிக்கை வந்தா அன்னிக்கே போனை முழுசா சார்ஜ் பண்ணுங்க. அடுத்த நாள் வீடியோ பார்த்துத் தீர்த்துடாதீங்க.

பயப்படாம கூப்பிடுங்க

கடைசியா ஒரு பயத்தைப் பத்தி. ரோட்டுல ஒருத்தர் அடிபட்டுக் கிடக்கார். பத்துப் பேர் நிக்கிறாங்க. நாலு பேர் வீடியோ எடுக்கறாங்க. கூப்பிட்டா போலீஸ், கோர்ட்டு, சாட்சின்னு அலைய வேண்டி வரும்னு பயம். அந்தப் பயத்துக்கு இப்போ காரணம் இல்லை. உதவி செய்றவரைத் தொந்தரவு செய்யக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2016-ல் வழிமுறைகளை உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதுக்குப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. உங்க பெயரைச் சொல்லுங்கன்னு கட்டாயப்படுத்த முடியாது. சிகிச்சைப் பணத்தை உங்ககிட்ட கேக்க முடியாது.

அடிபட்டவருக்குப் பணம் இருக்கான்னும் நீங்க கவலைப்பட வேண்டாம். "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை, திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் அரசே ஏற்கிறது. எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்துக்காரர்னு பார்க்கறதில்லை. எல்லையில இருக்கற நமக்கு இது முக்கியம்.

"வேற யாராவது கூப்பிட்டிருப்பாங்க"ன்னு மட்டும் நினைக்காதீங்க. பத்துப் பேரும் அப்படியே நினைச்சா யாருமே கூப்பிட்டிருக்க மாட்டாங்க. ரெண்டு பேர் கூப்பிட்டாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது.

தம்பிங்களுக்கு ஒரு வார்த்தை. 108-க்கும் 112-க்கும் விளையாட்டுக்குப் போன் பண்ணாதீங்க. குழந்தை கையில பழைய போனைக் கொடுத்து விளையாட விடாதீங்க. நீங்க லைன்ல சிரிச்சுக்கிட்டிருக்கற அந்த ஒரு நிமிஷம், வேற எங்கேயோ ஒரு அம்மா பிரசவ வலியோட காத்துக்கிட்டிருக்கலாம்.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. ஒரு அட்டையில உங்க மாவட்டம், வட்டம், ஊர், தெரு, கதவு எண், பக்கத்து அடையாளம் எழுதுங்க. கீழே 108, 112 பெரிசா எழுதுங்க. வீட்டுல யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு, என்ன மாத்திரைன்னும் எழுதுங்க. கதவுக்குப் பின்னாடி ஒட்டுங்க. பதட்டத்துல சொந்த விலாசமே மறந்துபோகும். அப்போ யோசிக்க வேண்டாம், பார்த்துப் படிச்சா போதும். படிக்கத் தெரியாத பாட்டி இருந்தா, பேரப் பிள்ளைங்க நாலு நாள் வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக் கொடுங்க.

இந்தக் கூட்டத்துக்கு வராத அக்கம்பக்கத்து வீடு ரெண்டுக்கும் இதைப் போய்ச் சொல்லுங்க.